எல்லை தாண்டிய வைத்தியசாலை

தகவல் துளி.

பிலிமத்தலாவையிலிருந்து கொழும்பு வீதியில் கடுகண்ணாவைக் கணவாயை இறங்கினால், மத்திய மாகாணம் முடிந்து சப்ரகமுவ வந்துவிடும். மாவனெல்லையிலிருந்து ஒரு நோயாளியைப் பேராதனைக்கு ஏற்றி வரும்போது மாகாண எல்லையை யார் நினைக்கிறார்கள்?

அந்த எல்லையே இரு நாடுகளைப் பிரித்தால்?

பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவே, பிரனீஸ் மலைகளுக்குள் செர்தான்யா என்றொரு பள்ளத்தாக்கு. 1659ஆம் ஆண்டு உடன்படிக்கை அதை இரண்டாக வெட்டியது. ஒரு பக்கத்துக் கிராமங்கள் பிரான்சுக்குப் போயின. அவற்றின் நடுவே இருந்த லீவியா மட்டும், நகரம் என்ற அந்தஸ்து இருந்ததால், ஸ்பெயினோடு தங்கிவிட்டது. இன்றும் நாலு பக்கமும் பிரான்ஸ்தான்.

பிரெஞ்சுப் பக்கத்தவர்கள் பெரிய வைத்தியசாலைக்குப் பெர்ப்பினியான் வரை மலைப்பாதையில் போக வேண்டியிருந்தது. உள்ளூர்த் தலைவர்கள் பல வருடம் பேசிப் பேசி, எல்லையோர ஸ்பானிய நகரமான புச்செர்தாவில் 2014இல் இரு நாட்டுக்கும் பொதுவான வைத்தியசாலையைத் திறக்க வைத்தார்கள். நடத்தும் செலவில் 60 சதவீதம் ஸ்பானியப் பக்கத்துக் கத்தலோனியாவுடையது, 40 சதவீதம் பிரான்சுடையது. கட்டடத்துக்கு ஐரோப்பிய ஒன்றியமும் கைகொடுத்தது.

மருந்து, மொழியெல்லாம் சமாளித்தாயிற்று. கடதாசி வேலைதான் இழுத்தடித்தது. அங்கே கண்மூடிய பிரெஞ்சுக்காரரின் உடலைச் சில கிலோமீற்றர் தள்ளியிருக்கும் வீட்டுக்குக் கொண்டுபோகவும், வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதற்கான பத்திரங்கள் கேட்டார்கள்.

‘நாங்கள் ஐரோப்பியர்’ என்ற பேச்சு மாநாடுகளில் நிறையவே உண்டு. அது உண்மையிலேயே வேலை செய்யும் இடம் இந்த வைத்தியசாலைதான்.