துடுப்பு இருந்தால் விட்டுவிடு

தூண்டிலில் மீன் சிக்கினால் எவரும் முதலில் அதன் பருமனைத்தான் பார்ப்பார்கள். அமெரிக்காவின் வாஷிங்டன், ஆரிகன், ஐடஹோ மாநில ஆறுகளில் ஸ்டீல்ஹெட் பிடிப்பவர்கள் பார்ப்பது முதுகை. முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே, எலும்பில்லாத சின்னச் சதைத் துடுப்பு ஒன்று நிற்கிறதா? நின்றால் மீன் ஆற்றுக்கே திரும்ப வேண்டும். அந்த இடம் வழவழவென்று ஆறிய தழும்பாக இருந்தால், பெரும்பாலும் வீட்டுக்குக் கொண்டுபோகலாம்.

ஸ்டீல்ஹெட் வேறொன்றுமில்லை, வானவில் டிரவுட்தான். வெள்ளைக்காரர்கள் நம் நீலகிரி ஓடைகளில் கொண்டுவந்து விட்ட அதே இனம். ஆற்றிலேயே தங்கினால் அது டிரவுட். கடலுக்குப் போய்க் கொழுத்து, முட்டையிட ஆற்றுக்குத் திரும்பினால் ஸ்டீல்ஹெட். பசிபிக் சால்மன்கள் முட்டையிட்டதும் செத்துவிடும். ஸ்டீல்ஹெட்டில் சில பிழைத்துக் கடலுக்குப் போய், மறுபடியும் முட்டையிட வரும்.

அணைகளாலும் மிகைப்பிடிப்பாலும் மீன் குறைந்தபோது, ஈடுகட்டப் பொரிப்பகங்கள் வந்தன. ஆற்றில் பிறந்த குஞ்சு கடலுக்குக் கிளம்பப் பெரும்பாலும் 2 ஆண்டு ஆகும். தொட்டிக் குஞ்சு வேளாவேளைக்குத் தீனி தின்று ஓராண்டிலேயே தயாராகிவிடும். ஆனால் தொட்டியில் தேறியது ஆற்றில் சோடைபோகிறது. ஹூட் ஆற்று ஸ்டீல்ஹெட்டுகளின் மரபணுவை ஆராய்ந்து 2007இல் வெளிவந்த ஆய்வு, தொட்டியில் கழியும் ஒவ்வொரு தலைமுறைக்கும் இனப்பெருக்கத் திறன் சுமார் 40 சதவீதம் குறைவதாகச் சொன்னது. தொட்டி மீன்கள் ஆற்று மீன்களோடு கலந்தால் சந்ததியே பலவீனப்படும்.

அதனால்தான் பொரிப்பகத்தில், விரல் நீளக் குஞ்சாக இருக்கும்போதே, அந்தச் சதைத் துடுப்பை நறுக்கிவிடுகிறார்கள். அடியோடு நறுக்கினால் அது மறுபடி முளைப்பதில்லை. தொட்டி மீனை எடு, ஆற்று மீனை விடு என்ற விதியே அந்தத் தழும்பை நம்பித்தான் நிற்கிறது.

விடுவதிலும் முறை உண்டு. தூண்டில் முள்ளில் பின்னோக்கிய சிறு கூர் இருக்கக் கூடாது என்பது பல ஆறுகளில் சட்டம். அப்போதுதான் சதை கிழியாமல் முள் கழன்று வரும். வாஷிங்டனில், விடவேண்டிய ஸ்டீல்ஹெட்டைப் படம் பிடிக்கக்கூட நீருக்கு வெளியே முழுதாகத் தூக்கக் கூடாது. போராடிக் களைத்த மீனுக்கு மூச்சு செவுளில் ஓடும் நீரில்தான்.

இத்தனை கவனமாக விட்டாலும் சில மீன்கள் பிழைப்பதில்லை. வரத்து மிகவும் குறைந்தால் விடுவதற்காகக்கூடப் பிடிக்க அனுமதியில்லை. 2021இல் வடக்கு அம்ப்குவா ஆற்றில் ஸ்டீல்ஹெட் பிடிப்பதை ஆரிகன் மாநிலம் சில மாதங்களுக்கு நிறுத்திவைத்தது. ஆற்று மீன் அற்றுப்போனால் தூண்டில்காரருக்கும் அங்கே வேலையில்லை.