பிரஷர் மாத்திரை: சந்தேகங்களும் விளக்கங்களும்

2021 ஆகஸ்ட்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், பிரஷர் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்திருக்கிறது. ஆனாலும் வாங்கிய மாத்திரையைப் பலர் விழுங்குவதில்லை. அவர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

தலைவலி, மயக்கம் எதுவுமில்லை. எனக்கெதற்கு மாத்திரை?

பெரும்பாலானோருக்கு ரத்தக் கொதிப்பு எந்த அறிகுறியும் காட்டாது. சிலருக்கு ஒரு பக்கம் கைகால் விழுந்த பிறகுதான் தெரியவருகிறது. வெவ்வேறு நாட்களில் அளந்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால், உடம்பு நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் சிகிச்சை தேவை. டீ, பீடி, வெற்றிலை-புகையிலை முடிந்து அரை மணி நேரமாவது கழித்து, ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு அளக்கச் சொல்லுங்கள். வயலிலிருந்து நேராக வந்து கையை நீட்டினால் அளவு கூடுதலாகக் காட்டும்.

இப்போது 130/80க்கு இறங்கிவிட்டதே, நிறுத்தலாமா?

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான். காய்ச்சல் மாத்திரையை மூன்று நாளில் நிறுத்திப் பழகியவர்களுக்கு, அளவு இறங்கினால் நோய் போய்விட்டதாகத்தான் தோன்றும். இறக்கி வைத்திருப்பதே மாத்திரைதான். விட்டால் சில நாட்களிலோ வாரங்களிலோ மறுபடி ஏறும். எடையும் உப்பும் குறைந்தவர்களுக்கு மருத்துவரே மருந்தளவைக் குறைக்கலாம். நாமாகக் குறைக்கக் கூடாது. கரும்பு வெட்டு, செங்கல் சூளை என்று வெளியூர் போகிறவர்கள், கிளம்பும் முன்பே சுகாதார நிலையத்தில் சொல்லுங்கள். சிகிச்சை அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

தினமும் சாப்பிட்டால் கிட்னி போய்விடுமாமே?

கிட்னியைக் கெடுப்பது கட்டுப்படாத கொதிப்பு. மூட்டுவலிக்கு மெடிக்கலில் சீட்டில்லாமல் வாங்கும் டைக்ளோபினாக் போன்ற வலி மாத்திரைகள் பிரஷரையும் ஏற்றும், கிட்னியையும் பாதிக்கும். பழி மட்டும் பிரஷர் மாத்திரைமேல் விழுகிறது. பிரஷர் மாத்திரையால் கால் வீங்கினால் மருத்துவரிடம் சொல்லுங்கள், மாற்று மருந்து உண்டு.

வெயிலில் வேர்க்க வேலை செய்கிறோம். உப்பைக் குறைக்கலாமா?

குறைக்கலாம். ஒருவருக்கு நாளுக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாடு, ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாயில் இருப்பதும் இந்தக் கணக்கில் சேர்த்தி. இந்துப்பும் உப்புதான். கிட்னி கோளாறு உள்ளவர்கள், பொட்டாசியம் சேர்த்த ‘குறைந்த சோடியம்’ உப்பை மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

ஒருநாள் மறந்துவிட்டால்?

அன்றே நினைவு வந்தால் போட்டுக்கொள்ளுங்கள். மறுநாள்தான் நினைவு வந்தால் வழக்கமான ஒன்று போதும், இரண்டாகச் சேர்த்து விழுங்க வேண்டாம்.