ஆடி மொய் வந்தாச்சு... அடுத்த 5 வருஷம் பணத்தை எங்கே வைப்பது? பேராவூரணி சொல்லும் சேமிப்புக் கணக்கு!

ஆடி பிறந்துவிட்டால் பேராவூரணி வட்டாரத்தில் திரும்பிய பக்கமெல்லாம் மொய் விருந்து பேனர்கள்தான். பந்தலில் ஆட்டுக்கறிக் குழம்பு மணக்க, ஓரமாக வரிசையாக மேஜைகள். ஒவ்வொரு மேஜையிலும் ஒரு மொய் நோட்டு, ஒரு பெரிய பாத்திரம், எழுத இரண்டு பேர். சாப்பிட்டுக் கை கழுவியவர்கள் நேராக மேஜைக்கு வந்து பெயர், ஊர் சொல்லிப் பணத்தைக் கொடுப்பார்கள். இப்போது பணம் எண்ணும் இயந்திரமும் கணினி ரசீதும்கூட வந்துவிட்டன.

2022 ஆகஸ்ட்டில் பேராவூரணி தொகுதி எம்.எல்.ஏ அசோக்குமார் வைத்த மொய் விருந்தில் 10 கோடி ரூபாய் வரை வசூலானதாகச் செய்திகள் வெளிவந்து, தமிழ்நாடே இந்த ஊரைத் திரும்பிப் பார்த்தது. சாதாரண விவசாயக் குடும்பங்களுக்கும் சில லட்சங்கள் ஒரே நாளில் கைக்கு வரும்.

பணம் வந்தாச்சு. அடுத்த நாள் காலையில் எழும் கேள்விதான் முக்கியமானது... இதை எங்கே வைப்பது?

மொய் வருமானம் அல்ல, கடன்!

மொய் விருந்தின் விதி எளிமையானது. ஒருவர் பொதுவாக ஐந்து ஆண்டுக்கு ஒரு முறைதான் விருந்து வைக்கலாம். உங்களுக்கு 1,000 ரூபாய் செய்தவர் அடுத்து விருந்து வைக்கும்போது அந்த 1,000 ரூபாயைத் திருப்பிச் செய்ய வேண்டும். அதோடு புதிதாகக் கொஞ்சம் சேர்த்தும் செய்வது வழக்கம். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது. நோட்டும் நாணயமும்தான் சாட்சி.

அதனால் கையில் வந்த பணம் முழுக்கத் திருப்ப வேண்டிய பணம். தொலைத்துவிட்டால் போவது பணம் மட்டுமல்ல, ஊரில் தலை நிமிர்ந்து நடக்கும் மரியாதையும்தான்.

இது 2018 நவம்பர் 16 அன்று எல்லோருக்கும் புரிந்தது. கஜா புயல் ஓர் இரவில் பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பகுதித் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. ஒன்றரை மாதத்துக்கு ஒரு காய் வெட்டு என்று வருமானம் தந்த மரங்கள் போய்விட்டன. புதிதாக நட்ட நெட்டை ரகக் கன்று நன்றாகக் காய்க்க ஆறேழு வருடங்கள் ஆகும். மொய்க் கணக்கோ ஐந்து வருடத்துக்குள் முடிய வேண்டும். தோப்பை மட்டும் நம்பி மொய் வாங்கியிருந்தவர்கள் தவித்துப்போனார்கள். கடைமடைப் பகுதியில் தண்ணீரும் நிச்சயமில்லை, காயின் விலையும் நிச்சயமில்லை. சேமிப்பாவது நிச்சயமாக இருக்க வேண்டும் என்பது கஜா கற்றுக்கொடுத்த பாடம்.

முதல் வேலை... `ரெண்டு வட்டி'யை முடிப்பது

எந்தச் சேமிப்புக்கும் முன்னால் பார்க்க வேண்டியது, வீட்டில் இருக்கும் கடனை. நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டி என்பது கேட்கச் சின்னதாக இருக்கும். ஆண்டுக்குக் கணக்குப் போட்டால் 24 சதவிகிதம். எந்தப் பாதுகாப்பான சேமிப்பும் இவ்வளவு வட்டி தராது. ஆகவே, இந்தக் கடனை அடைப்பதே முதல் தரமான முதலீடு. அதற்குப் பிறகுதான் வங்கி நகைக்கடன். உரிய காலத்தில் கட்டினால் கூட்டுறவுப் பயிர்க்கடனுக்குத் தமிழ்நாட்டில் வட்டியே இல்லை என்பதால், அதை அவசரப்பட்டு முன்கூட்டி அடைக்கத் தேவையில்லை. கெடு தேதியைத் தவறவிடாமல் இருந்தால் போதும்.

எங்கே வைக்கலாம்?

*அஞ்சலகம்:* முழுத்தொகைக்கும் மத்திய அரசு பொறுப்பு. டைம் டெபாசிட் கணக்கை 1,000 ரூபாயில் தொடங்கலாம், உச்சவரம்பு இல்லை. 2025 ஜூலை - செப்டம்பர் காலாண்டில் ஓராண்டுக்கு 6.9%, இரண்டு ஆண்டுக்கு 7%, மூன்று ஆண்டுக்கு 7.1%, ஐந்து ஆண்டுக்கு 7.5% வட்டி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட்டுவட்டியாகக் கணக்கிட்டு, ஆண்டுக்கு ஒருமுறை தருவார்கள். மத்திய அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டியை அறிவித்தாலும், நீங்கள் கணக்கு தொடங்கிய நாளின் வட்டி முடிவுவரை மாறாது. ஆனால், முதல் ஆறு மாதத்துக்குப் பணத்தை எடுக்க முடியாது. ஆறு மாதம் முடிந்து ஓராண்டுக்குள் எடுத்தால் 4% சேமிப்புக் கணக்கு வட்டிதான்.

*வங்கி எஃப்.டி:* ஏழு நாளில் இருந்து பத்து ஆண்டு வரை, தேவைக்கு ஏற்ற காலத்துக்குப் போடலாம். 2025 பிப்ரவரி முதல் ஜூன் வரை ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை மூன்று முறை, மொத்தம் 1% குறைத்ததால் எஃப்.டி வட்டியும் இறங்கிவிட்டது. 2025 ஜூலையில் ஸ்டேட் வங்கியில் ஓராண்டு எஃப்.டி-க்கு 6.25%, சேமிப்புக் கணக்குக்கு 2.5% மட்டுமே இருந்தது. எனவே, மூன்று, நான்கு மாதம் கழித்துத் தேவைப்படும் பணத்தையும் சேமிப்புக் கணக்கில் தூங்கவிடாமல் குறுகிய கால எஃப்.டி-யில் போடுவது நல்லது.

*கருவூலப் பத்திரம்:* மத்திய அரசு 91, 182, 364 நாள்களுக்கு வாங்கும் கடன் இது. ரிசர்வ் வங்கியின் `ரீடெய்ல் டைரக்ட்' தளத்தில் 10,000 ரூபாயில் இருந்து வாங்கலாம். மொபைலில் பணப் பரிவர்த்தனை பழகிய வீட்டுப் பிள்ளைகள் உதவினால் சுலபம்.

*லிக்விட் ஃபண்ட்:* 91 நாளுக்குள் முதிர்வடையும் கடன் பத்திரங்களில் முதலீடு செய்யும் மியூச்சுவல் ஃபண்ட். பெரும்பாலும் அடுத்த வேலை நாளே பணம் கிடைக்கும். ரிஸ்க் குறைவு, ஆனால் உத்தரவாதம் இல்லை. வித்தியாசம் புரிந்தவர்கள் மட்டும் போகலாம்.

5 லட்சம் என்ற எல்லைக்கோடு

வங்கியில் போட்டால் மொத்தமும் பத்திரம் என்று நினைப்பவர்கள் அதிகம். ஒரு வங்கி நொடித்துப்போனால், டெபாசிட் காப்பீட்டுக் கழகம் ஒருவருக்கு ஒரு வங்கியில் அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய்தான் தரும். 2020 பிப்ரவரிக்கு முன்பு இது 1 லட்சமாக இருந்தது. இந்த 5 லட்சத்தில் அசலும் வட்டியும் அடக்கம். ஒரே வங்கியின் இரண்டு கிளைகளில் போட்டாலும் ஒன்றாகத்தான் கணக்கிடுவார்கள். 10 லட்சம் இருந்தால் இரண்டு வங்கிகளில் நாலரை, நாலரை என்று பிரித்துப்போட்டு, மீதியை அஞ்சலகத்தில் வைக்கலாம்.

இன்னொரு குழப்பமும் உண்டு. மத்திய கூட்டுறவு வங்கிக்கு இந்தக் காப்பீடு உண்டு. ஆனால், ஊரில் இருக்கும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் போடும் டெபாசிட்டுக்குக் கிடையாது. இரண்டும் `சொசைட்டி' என்றே பேச்சில் வந்தாலும், இரண்டும் ஒன்றல்ல. தனியார் நிதி நிறுவன டெபாசிட்டுக்கும் இந்தக் காப்பீடு இல்லை.

10 லட்சம் மொய்... ஒரு மாதிரிக் கணக்கு

ஒரு குடும்பத்துக்கு விருந்துச் செலவு போக 10 லட்சம் மொய் வந்ததாக வைத்துக்கொள்வோம். அவர்களுக்கு 3 லட்சம் ரூபாய் `ரெண்டு வட்டி'க் கடன் இருக்கிறது.

* 3 லட்சத்தில் கடனை அடைத்தால், மாதம் 6,000 ரூபாய் வட்டி மிச்சம்.

* 1 லட்சம் சேமிப்புக் கணக்கில். இந்த சீஸனில் திருப்பிச் செய்ய வேண்டிய மொய்க்கு.

* மீதி 6 லட்சத்தை 2 லட்சம் வீதம் பிரித்து அஞ்சலகத்தில் 1, 2, 3 ஆண்டு டைம் டெபாசிட். அடுத்த மூன்று ஆடிக்கும் ஆண்டுக்கு ஒரு 2 லட்சம் கைக்கு வரும். மூன்று ஆண்டுகளில் வட்டி மட்டும் மொத்தம் 86,000 ரூபாய்க்கு மேல். அதைச் செலவழிக்காமல் வைத்தால், நான்காம் ஆண்டுக்கு உதவும்.

* கடன் அடைந்ததால் மிச்சமாகும் அந்த 6,000 ரூபாயை மாதாமாதம் அஞ்சலக ஆர்.டி-யில் கட்டினால், 2025 ஜூலை - செப்டம்பர் காலாண்டின் 6.7% வட்டியில் ஐந்து ஆண்டு முடிவில் சுமார் 4.28 லட்சம் ரூபாய். கடனுக்குப் போன 3 லட்சம் மொய்ப் பணமும் இப்படித் திரும்பி வந்துவிடும்.

சூட்சுமம் கடைசி வரியில்தான் இருக்கிறது. கடனை அடைத்த மறுமாதமே ஆர்.டி தொடங்காவிட்டால், அந்த 6,000 ரூபாய் எங்கே போனது என்றே தெரியாது.

மொய் நோட்டைப் புரட்டி, எந்த ஆண்டு யாருக்கு எவ்வளவு திருப்ப வேண்டிவரும் என்று ஒரு பட்டியல் எழுதிக்கொண்டால், டெபாசிட்டின் காலத்தை அதற்கேற்ப முடிவுசெய்யலாம். பத்திரிகை வந்த பிறகு பணம் தேடும் நிலை வராது.

வீட்டுப் பெரியவர்களின் சொந்தப் பணம்

60 வயது தாண்டியவர்களுக்கு அஞ்சலகத்திலும் வங்கியிலும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. 2025 ஜூலை - செப்டம்பர் காலாண்டில் 8.2% வட்டி, அதிகபட்சம் 30 லட்சம். அந்த வட்டியில் 5 லட்சம் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 10,250 ரூபாய் வரும். ஆனால், இது ஐந்தாண்டுத் திட்டம். திருப்ப வேண்டிய மொய்ப் பணத்துக்கு ஏற்றதல்ல, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அனுப்பிய பணம், காய் விற்ற பணம் போன்றவற்றுக்கு ஏற்றது.

வரி விஷயம்

பெரிய தொகையை ரொக்கமாகப் போட பான் எண் வேண்டும். சேமிப்புக் கணக்கில் ஓராண்டில் 10 லட்சம் ரொக்கம் சேர்ந்தால், வருமான வரித்துறைக்குத் தகவல் போகும். திருமணத்துக்கு வரும் பரிசுக்கு வரி விலக்கு உண்டு. மற்றபடி உறவினர் அல்லாதவர்களிடம் இருந்து ஓராண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் வரும் அன்பளிப்புக்கு வரி உண்டு. எனவே மொய் நோட்டைப் பத்திரப்படுத்தி, பெரிய தொகை என்றால் முதலிலேயே ஆடிட்டரைப் பார்த்துவிடுவது நல்லது.

இவர்களிடம் மட்டும் வேண்டாம்!

மொய் சீஸன் எங்கே என்று பார்த்து வரும் இன்னொரு கூட்டமும் உண்டு. `லட்சத்துக்கு மாதம் இவ்வளவு' என்று ஆரம்பிக்கும் பேச்சு அது. மாதம் 25 முதல் 30 சதவிகிதம் தருவதாகச் சொன்ன ஆருத்ரா நிறுவனம், ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்களிடம் 2,438 கோடி ரூபாய் வசூலித்ததாகப் பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்கு பதிந்தது. அஞ்சலகம் ஆண்டுக்குத் தருவது 7%. அதைவிட அதிகத்தை ஒரே மாதத்தில் ஒருவர் தருகிறார் என்றால், அடுத்து வருபவரின் அசலைத்தான் உங்களுக்கு வட்டியாகத் தருகிறார்.

யார் டெபாசிட் கேட்டாலும், அதற்கு அனுமதி பெற்ற நிறுவனமா என்று ரிசர்வ் வங்கியின் `சச்சேத்' இணையதளத்தில் பாருங்கள். புகாரும் அங்கேயே தரலாம். சீட்டு கட்டுவதாக இருந்தால், 1982 சிட் ஃபண்ட் சட்டப்படி பதிவானதா என்று கேளுங்கள். பதிவுச் சான்றைக் காட்டத் தயங்கினால், எழுந்து வந்துவிடுங்கள்.

கறி விருந்து ஒரு நாளில் முடிந்துவிடும். மொய் நோட்டு ஐந்து வருடம் பேசும். அதில் உங்கள் பெயருக்கு நேராக இருக்கும் தொகையை உரிய நாளில், யாரிடமும் கைநீட்டாமல் திருப்பிக் கொடுப்பதற்கு, குறைந்த வட்டி தந்தாலும் அசலைக் காப்பாற்றும் இடமே போதும்.