நிவாரண நிதியும் நிர்வாக முடக்கமும்

பேரிடர் நேர்ந்த ஊருக்கு உதவி வேண்டாமென்று எந்த அரசியல் கட்சியும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. அப்பணத்தை எக்கணக்கிலிருந்து எடுப்பது என்பதில்தான் பூசல் பிறக்கின்றது. அப்பூசல் ஓர் அரசாங்கத்தையே முடக்கும் அளவுக்கு வளர்வது எங்ஙனம்? அமெரிக்காவில் 2011-ஆம் ஆண்டு நிகழ்ந்ததைக் காண்போம்.

அந்நாட்டின் நிதியாண்டு அக்டோபர் முதல் நாள் தொடங்குகின்றது. அதற்குள் காங்கிரஸின் இரு சபைகளும் நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்தை நிறைவேற்ற வேண்டும்; சட்டத்தின் அனுமதியின்றிக் கருவூலத்திலிருந்து பணம் எடுத்தலாகாது என்பது அரசியலமைப்பு விதி. ஒதுக்கீடு இல்லாத அலுவலகம் பணியை நிறுத்தவே வேண்டும் என்று 1980-இல் அட்டார்னி ஜெனரல் பெஞ்சமின் சிவிலெட்டி கருத்துரைத்தார். உயிரையும் உடைமையையும் காக்கும் பணிகளுக்கு விலக்கு உண்டென்று 1981-இல் விளக்கினார். ஆதலால் அரசாங்கம் முடங்கினும் மீட்புப் படகு நிற்பதில்லை. நிற்பது எது?

2011 மே மாதம் மிசௌரி மாநிலத்து ஜாப்ளின் நகரைச் சுழற்காற்று தாக்கியது. 150 பேருக்கு மேல் மாண்டனர். ஆகஸ்டில் ஐரீன் புயல் கிழக்குக் கரையில் வீசியது. வெர்மாண்டில் சாலைகளும் பாலங்களும் வெள்ளத்தில் அழிந்தன. 'ஃபெமா' என்னும் மத்திய அவசரநிலை நிர்வாக நிறுவனத்தின் நிவாரண நிதி 100 கோடி டாலருக்கும் கீழே இறங்கியது. எஞ்சியதை உடனடித் தேவைக்கென ஒதுக்கி, நீண்டகாலச் சீரமைப்புக்குப் புதிதாகப் பணம் தருவதை அது நிறுத்திவைத்தது. புயல் வந்தது வேறிடத்தில். ஜாப்ளினின் சீரமைப்பும் காத்திருக்க நேர்ந்தது.

கடன் பெருகிவருவதால் புதிய செலவுக்கு ஈடாக வேறொன்றைக் குறைக்க வேண்டும் என்றது குடியரசுக் கட்சியினர் மிகுந்த பிரதிநிதிகள் சபை. எரிபொருள் சிக்கன மோட்டார்த் தொழிலுக்கான கடனுதவியில் 150 கோடி டாலரைக் குறைக்க முனைந்தது. ஆபத்துக் காலத்து உதவிக்கு நிபந்தனை கூடாது என்றது ஜனநாயகக் கட்சியினர் மிகுந்த செனட். செப்டம்பர் 23 அன்று முன்னது 219-203 வாக்குகளில் நிறைவேற்றிய மசோதாவைப் பின்னது அன்றே 59-36 வாக்குகளில் ஒதுக்கிற்று. மாத இறுதிவரை கையிருப்புப் போதும் என்று 26-ஆம் நாள் ஃபெமா தெரிவித்ததும், அவ்வாண்டுக்கான கூடுதல் தொகையும் அதற்கீடான குறைப்பும் ஒருங்கே கைவிடப்பட்டன. செனட் 79-12 வாக்குகளில் உடன்பட்டது. முடக்கம் விலகியது, ஈட்டுக் கேள்வி தீரவில்லை.

நம் நாட்டில் இத்தகைய முடக்கம் இல்லை. மக்களவை நிதி மறுத்தால் அமைச்சரவை பதவி விலகும். இடைக்காலச் செலவுக்கு அரசியலமைப்பின் 116-ஆவது பிரிவு வழிவகுக்கின்றது. ஆயினும் பூசல் இல்லாமலில்லை. 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாநிலத்துக்கென ஒரு பேரிடர் நிதி உண்டு. அது போதாதபோது மத்தியக் குழு நேரில் மதிப்பிட்டபின் தேசிய நிதியிலிருந்து உதவி வரும். கேட்ட தொகைக்கும் கிடைத்த தொகைக்கும், கேட்ட நாளுக்கும் கிடைத்த நாளுக்கும் இடையேதான் வழக்கு. 2023-ஆம் ஆண்டு வறட்சிக்கு நிவாரணம் கோரிக் கர்நாடகம் 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தையே அணுகியது.

பிறந்த ஊர் ஒன்றும் வாழும் ஊர் ஒன்றுமாக உள்ள நமக்கு, இரண்டிலொன்றில் வெள்ளம் என்றால் மனம் துடிக்கும். முதல் வாரத்துச் சோற்றுப் பொட்டலத்தை எல்லாரும் பார்க்கின்றனர். மூன்றாம் மாதத்தில் பாலம் எழுந்ததா, வீட்டுக்குக் கூரை வந்ததா என்று கேட்போர் சிலரே. நிதிப் பூசல் முதலில் பறிப்பது அந்த மூன்றாம் மாதத்தைத்தான். ஆகவே நாம் மறவாமல் கேட்க வேண்டிய கேள்வியும் அதுவே.