துணி போர்த்திய மான் தலை

மரக்காணத்து உப்பளங்களைக் கடந்து புதுச்சேரி நோக்கிச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், விடுதி ஒன்றின் வரவேற்பறைச் சுவரில் அண்மையில் ஒரு மான் தலையைக் கண்டேன். கிளைவிட்ட கொம்புகளும் நிமிர்ந்த காதுகளும் பழைய ஜமீன் மாளிகையை நினைவூட்டின. அருகே சென்றபோதுதான் உண்மை தெரிந்தது. தோல் இருக்க வேண்டிய இடத்தில் பழைய சுங்குடிச் சேலை; கண்களாக இரண்டு சட்டைப் பொத்தான்கள். பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு வாங்கியது என்றார்கள். துணிப் பொம்மைக்கு இவ்வளவு விலையா?

விடை தேட, உண்மையான வேட்டைத் தலைகளின் வரலாற்றைப் பார்க்க வேண்டும். மைசூரில் வான் இங்கன் குடும்பத்தின் நிறுவனம் ஏறத்தாழ 1900 முதல் 1999 வரை இயங்கியது. மன்னர்களும் ஆங்கிலேய அதிகாரிகளும் சுட்ட புலிகளும் சிறுத்தைகளும் ஆயிரக்கணக்கில் அங்கே பாடம் செய்யப்பட்டன. காகிதக்கூழால் விலங்கின் உருவைச் செய்து, பதனிட்ட தோலை அதன்மேல் போர்த்துவது அவர்கள் முறை. ஆக, கம்பீரமான அந்தப் புலிகளுக்குள்ளும் இருந்தது காகிதமே. இன்றைய துணித் தலை, மேலே இருந்த தோலை மட்டுமே மாற்றியிருக்கிறது.

அந்த மாற்றம் சட்டத்துக்கும் உகந்தது. 1972ஆம் ஆண்டின் வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்தது. பாதுகாக்கப்பட்ட விலங்கின் பாடம் செய்த தலையை உரிமைச் சான்றிதழ் இன்றி வைத்திருக்க இயலாது. சான்றிதழ் இருந்தாலும் விற்க இயலாது. துணித் தலைக்கு இந்தத் தடைகள் இல்லை. உப்புக்காற்றில் தோல் பூஞ்சை பிடிக்கும், பூச்சி அரிக்கும்; துணி வெளுத்தாலோ வேறு துணி போர்த்திக்கொள்ளலாம். உயிர்ப்பலி இன்றி மாளிகைச் சுவரின் மிடுக்கைத் தருவதும், அந்த மிடுக்கையே சற்றுக் கேலி செய்வதும் அதன் கவர்ச்சி.

விலைக்குக் காரணம் பொருள் அன்று, உழைப்பு. துணி தட்டையானது, விலங்கின் முகமோ எத்திசையிலும் வளைந்தது. சுருக்கம் விழாமல் போர்த்த, துணியைப் பல துண்டுகளாக வெட்டி இணைக்க வேண்டும். மூக்குத் துளை, இமை, காதின் அடி ஆகிய இடங்களில் ஒவ்வொரு தையலும் கையால்தான் விழ வேண்டும். இரு கன்னங்களிலும் துணியின் கோலம் ஒத்துவர வேண்டும். பல நாள் வேலை இது. அப்படியானால் பன்னிரண்டாயிரம் மிகையன்று. அதில் தைத்தவருக்கு எவ்வளவு சென்றது என்பதே கேள்வி.

இக்கைத்திறன் நமக்குப் புதிதன்று. புதுச்சேரியை அடுத்த திருக்கனூரின் காகிதக்கூழ்ப் பொம்மைகள் புவிசார் குறியீடு பெற்றவை. உருவம் செய்யவும் துணி தைக்கவும் தெரிந்த கைகள் அருகிலேயே இருக்கின்றன. மேலும், இந்தக் கடற்கரைக்கு மான்தான் வேண்டும் என்பதில்லை. மரக்காணத்தை ஒட்டிய கழுவேலி ஏரியை 2021இல் அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. அங்கு வரும் பூநாரையின் வளைந்த கழுத்தும் கூழைக்கடாவின் தொங்கும் பையும் துணிக்கு எவ்வளவு பொருத்தமானவை!

விடுதியை விட்டுப் புறப்படும் முன், அந்த மான் தலையைச் செய்தவர் யார் என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. பழைய வேட்டைத் தலைகளின் அடிப்பலகையில் சுட்டவரின் பெயரும் இடமும் நாளும் பொறிக்கப்பட்டிருக்கும். கொன்றவருக்குக் கிடைத்த அந்த இடம், தைத்தவருக்குக் கிடைக்கக் கூடாதா? பலகையில் அவர் பெயரும், விலையில் அவருக்கு உரிய பங்கும் இருக்குமானால், அந்தத் தலையை என் வீட்டுச் சுவரிலும் மாட்டிக்கொள்வேன்.