கிழிந்த துண்டை மட்டும் மாற்றினால் போதும்

கார் இருக்கைகளில் முதலில் கிழியும் இடம் எது என்று எந்தக் குஷன் கடைக்காரரைக் கேட்டாலும், யோசிக்காமல் பதில் வரும்: ஓட்டுநர் இருக்கையின் வலது ஓரம். நம் நாட்டில் ஸ்டீயரிங் வலப்பக்கம். ஓட்டுநர் ஏறும்போதும் இறங்கும்போதும் உடம்பின் எடை முழுக்க அந்த ஓரத்து மேட்டில்தான் அழுந்தி உரசுகிறது. நாள் முழுக்க ஏறி இறங்கும் வாடகைக் காரில், ஒரு சாண் அகலம்கூட இல்லாத அந்தத் துண்டு நைந்து, நூல் விட்டு, உள்ளே இருக்கும் ஃபோம் எட்டிப் பார்க்கத் தொடங்கிவிடும். மீதி இருக்கை நன்றாகத்தான் இருக்கும். பல கார்களில் பின்னிருக்கை வாங்கிய அன்று இருந்தபடியே இருக்கும்.

ஆனாலும் பெரும்பாலானவர்கள் உடனே செய்வது, காருக்கு முழு செட் சீட் கவர் வாங்கி மாட்டுவது. கிழிசல் கண்ணுக்கு மறைகிறது. உள்ளே ஃபோம் உதிர்வது நிற்பதில்லை. அடியில் பிடிப்பு இல்லாததால் மேலே போட்ட கவர் நழுவுகிறது, சுருங்குகிறது, அதே வலது ஓரத்தில் மறுபடி கிழிகிறது. கையில் காசு குறைவாக இருப்பவர்கள்தான் இந்தச் செலவை இரண்டு முறை செய்கிறார்கள் என்பது வருத்தமான விஷயம். அதே பணத்தில் பாதியைக் கொண்டு பழுதான இடத்தைத் திறந்து சரிசெய்திருக்கலாம்.

வடசென்னையில் கொருக்குப்பேட்டை பக்கம் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை மற்றவர்களைவிடச் சீக்கிரமே வந்துவிடுகிறது. கிழக்கே சில கிலோமீட்டர் தொலைவில் கடல். ஊருக்குள் பக்கிங்காம் கால்வாய், ரயில்வே சரக்கு நிலையம். துறைமுகத்துக்கும் மணலிக்கும் எண்ணூருக்கும் இடையே இரவு பகலாக ஓடும் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதி, மூடிய கண்ணாடியையும் மீறி உள்ளே வருகிறது. துணியின் இழைகளுக்குள் இறங்கும் இந்தத் தூசி, உட்காருபவர் அசையும் ஒவ்வொரு முறையும் உப்புத்தாள் போல இழையைத் தேய்க்கிறது. உப்புக் காற்று இருக்கைக்கு அடியில் உள்ள ஸ்பிரிங் கம்பியையும், முன்னும் பின்னும் நகர்த்தும் தண்டவாளத்தையும் துரு பிடிக்க வைக்கிறது. இதோடு வெயில். மூடிய கார் வெயிலில் நின்றால், ஒரு மணி நேரத்துக்குள் உள்ளே இருக்கும் வெப்பம் வெளியே இருப்பதைவிட 20 டிகிரி செல்சியஸ் கூடிவிடும். அந்த ஏற்றத்தில் பெரும்பகுதி முதல் அரை மணி நேரத்திலேயே நடந்து முடிந்துவிடுகிறது.

ரெக்ஸின் என்று நாம் சொல்லும் பொருள், துணியின் மேல் பிவிசி பூசியது. பிவிசி தன் இயல்பில் விறைப்பானது. அதை வளையச் செய்ய எண்ணெய் போன்ற ஒரு ரசாயனம் கலக்கிறார்கள். வெயிலில் அந்த ரசாயனம் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி வெளியேறுகிறது. முன்கண்ணாடியின் உட்புறத்தில் துடைக்கத் துடைக்கப் படியும் மங்கலான படலத்தில் அதற்கும் பங்கு உண்டு. ரசாயனம் போகப் போக ரெக்ஸின் விறைத்து, தையல் ஓரங்களில் வெடிக்கிறது. வெடித்த ரெக்ஸினில் பாலிஷ் தடவினால் அன்றைக்குப் பளபளக்கும். போன வளைவு திரும்பி வராது. வெடிப்பு வந்த துண்டை மாற்றத்தான் வேண்டும்.

நல்ல வேளையாக, அந்த வேலையைச் செய்யும் கைகள் வடசென்னையில் தாராளமாக இருக்கின்றன. வண்டி கட்டும் தொழில் இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டி வெளியே அனுப்பிய நிறுவனம்; லாரி, பஸ் பக்கம் போய் 1955இல் அது அசோக் லேலண்ட் ஆனது. அதே 1955இல் திருவொற்றியூரில் என்ஃபீல்ட் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையைக் கட்டத் தொடங்கினார்கள். இன்றைக்கும் லாரி, ஆட்டோ, சரக்கு வேன் என்று ஓயாமல் உழைக்கும் வண்டிகள் நிறைந்த பகுதி இது. அந்த வண்டிகளுக்கு சீட் அடிக்கவும் ஆட்டோவுக்கு மேற்கூரை தைக்கவும் இருக்கும் சின்னக் குஷன் கடைகள், காருக்கும் அதே வேலையைச் செய்து தரும். கண்ணாடிக் கதவு போட்ட கார் அலங்காரக் கடையில் இது கிடைப்பது கடினம். அங்கே ஆயத்தமாகத் தைத்த கவரை விற்பதில்தான் லாபம்.

வேலை தொடங்குவது இருக்கையைக் கழற்றுவதில். நாலு போல்ட்தான். ஆனால் அதற்கு முன் பேட்டரியின் இணைப்பை எடுத்துவிட்டுச் சில நிமிடம் காத்திருக்க வேண்டும். இருக்கைக்கு அடியில் மஞ்சள் நிற ஒயர் இணைப்பு தெரிந்தால் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது. பேட்டரி இணைப்பில் இருக்கும்போது அதில் கை வைக்கக் கூடாது. இருக்கை வெளியே வந்ததும் உறையைப் பிடித்திருக்கும் சின்னச் சின்ன இரும்பு வளையங்களை வெட்டி எடுத்தால் உறை தோல் உரித்தது போல் கழன்று வரும். கிழிந்த துண்டின் தையலை மட்டும் பிரித்து, அதையே அளவாக வைத்துப் புதுத் துண்டு வெட்ட வேண்டும். ரெக்ஸின் பெரும்பாலும் 54 அங்குல அகலத்தில் சுருளாக வருகிறது. ஓரத் துண்டுகளுக்கு ஒரு மீட்டர் வாங்கினாலே மீதி இருக்கும்.

நிறம் பொருந்துமா என்பதுதான் எல்லோருடைய தயக்கம். வெயிலில் வெளுத்த பழைய துணியோடு புதுத்துணி ஒருபோதும் சரியாகப் பொருந்தாது. அனுபவம் உள்ள கைகள் அதைப் பொருத்தவே முயல்வதில்லை. இரண்டு முன்னிருக்கைகளிலும் இரண்டு ஓரங்களையும் சேர்த்து, அடர்ந்த வேறு நிறத்தில் மாற்றிவிடுகிறார்கள். அப்போது அது ஒட்டுப்போட்டதாகத் தெரியாது, வேண்டுமென்றே செய்த இரட்டை நிறமாகத் தெரியும். சிகரெட் சுட்ட சின்ன ஓட்டை என்றால் இன்னும் எளிது. உறையின் அடிப்பக்கம் மடிந்து மறைந்திருக்கும் இடத்தில் ஒரு சிறு துண்டை வெட்டி, ஓட்டையின் உட்புறமாக வைத்து ஒட்டிவிடலாம்.

நூலில் கஞ்சம் பிடிக்கவே கூடாது. பருத்தி நூல் வியர்வையிலும் ஈரத்திலும் இற்றுப்போகும். தடித்த பாலியஸ்டர் அல்லது நைலான் நூல் கேட்டு வாங்க வேண்டும். சட்டை தைக்கும் மெஷினில் இந்த வேலை நடக்காது. ரெக்ஸினையும் ஃபோமையும் சேர்த்து இழுக்கும் கனமான மெஷின் கடையில் இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிடுவது நல்லது.

உறைக்குள் இருப்பதுதான் உண்மையில் உட்காரும் சுகத்தைத் தருகிறது. அம்பாசடர், ஃபியட் காலத்தில் ஸ்பிரிங்கின் மேல் தேங்காய் நார் மெத்தை இருந்தது. நாரை ரப்பர் பாலில் தோய்த்து அழுத்திச் செய்யும் அந்த மெத்தைக்குள் காற்று புகுந்து வெளிவரும். அதனால் சென்னை வெயிலுக்கு அது நன்றாகவே ஒத்துப்போனது. இப்போது எல்லாம் பாலியூரித்தேன் ஃபோம். ஜெர்மனியில் ஓட்டோ பேயர் என்ற வேதியியலாளர் 1937இல் கண்டுபிடித்த பொருளின் வழிவந்தது. இலேசானது, எந்த வடிவத்திலும் வார்க்கலாம். ஆனால் சூடும் ஈரமும் சேர்ந்தால் அதன் வேதிக் கட்டு உடைந்து பொடியாக உதிரும். வடசென்னையில் இரண்டுக்கும் பஞ்சமில்லை.

குழி விழுந்த ஃபோமை முழுதாகத் தூக்கி எறிய வேண்டாம். உதிர்ந்த பகுதியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் புது ஃபோம் வைத்து ஒட்டி, கத்தியால் செதுக்கி வடிவம் கொண்டுவரலாம். கடையில் 32 டென்சிட்டி, 40 டென்சிட்டி என்று கேட்டு வாங்குவார்கள். ஒரு கன மீட்டர் ஃபோமின் எடை இத்தனை கிலோ என்பதே அந்தக் கணக்கு. உட்காரும் இடத்துக்கு 40 நல்லது. எண் குறைந்தால் விலையும் குறையும், ஆனால் சீக்கிரம் அமுங்கிப்போகும். சில சமயம், இருக்கை முழுக்கவே போய்விட்டதென்றால், சென்னைப் புதுப்பேட்டையில் கழித்துக் கட்டிய அதே மாடல் காரின் இருக்கையைத் தேடுவது மலிவாக முடியும். வாங்கும்போது முகர்ந்து பார்க்க வேண்டும். புழுங்கல் வாடை வந்தால் அது வெள்ளத்தில் நின்ற காருடையதாக இருக்கலாம்.

வெள்ளம் என்றதும் 2015 டிசம்பரும் 2023 டிசம்பரும் வடசென்னைக்காரர்களுக்கு நினைவுக்கு வரும். 2023இல் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய தெருக்களில் மழைநீரோடு எண்ணெயும் கலந்து வீடுகளுக்குள் புகுந்தது. தண்ணீர் புகுந்த காரில் இருக்கையை மட்டும் காயவைப்பது போதாது. தரை விரிப்புக்கு அடியில் உள்ள பஞ்சு வாரக்கணக்கில் நீரைப் பிடித்து வைத்திருக்கும். பூஞ்சை அங்கேதான் பிடிக்கிறது, தரைத் தகடு அங்கேதான் துருப்பிடிக்கிறது. இருக்கைகளைக் கழற்றி, விரிப்பை முழுக்க வெளியே எடுத்து, இலேசான சோப்பு நீரில் அலசி, நிழலில் காற்றோட்டமாக உலர்த்த வேண்டும். எண்ணெயும் சாக்கடை நீரும் ஊறிய ஃபோமைக் காப்பாற்ற நினைக்கவே வேண்டாம். மாற்றிவிடுவதுதான் உடம்புக்கு நல்லது.

அடுத்த தொல்லை மேல் லைனிங். பத்து வயது தாண்டிய கார்களில் கூரைத் துணி தொங்கி, பின்னால் உட்காருபவர் தலையில் இடிக்கும். துணிக்குப் பின்னால் மெல்லிய ஃபோம் ஒன்று சேர்ந்தே வரும். அதுதான் பொடியாகிப்போகிறது, பசை அல்ல. அதனால் துணிக்கும் பலகைக்கும் நடுவே பசையைப் பீய்ச்சி மறுபடி ஒட்டுபவர்களின் வேலை சில வாரங்கள்கூடத் தாங்காது. பலகையையே கழற்றி வெளியே எடுத்து, பழைய ஃபோம் பொடியை பிரஷ்ஷால் துளிகூட இல்லாமல் தேய்த்தெடுத்து, ஃபோம் சேர்ந்த புதுத்துணியை ஒட்ட வேண்டும். மரச்சாமான் ஒட்டும் வெள்ளைப் பசை இதற்கு ஆகாது. இரண்டு பக்கமும் தடவி, கையில் ஒட்டாத பதத்துக்குக் காயவிட்டு, பிறகு அழுத்தும் ரப்பர் வகைப் பசைதான் கூரைச் சூட்டைத் தாங்கும். பொறுமை உள்ளவர்கள் வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடிய வேலை இது. செலவில் பெரும்பகுதி துணிக்கும் பசைக்கும்தான்.

கதவின் உட்பலகை ஊதிப்போயிருந்தால், ரெக்ஸினை மாற்றுவதற்கு முன் அதன் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் தாளைப் பார்க்க வேண்டும். கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்கும் மழைநீர் பலகையில் படாமல் தடுப்பது அந்தத் தாள்தான். ஸ்பீக்கர் மாட்டியவர் எப்போதோ அதைக் கிழித்துவிட்டுப் போயிருப்பார்.

அசல் தோல் இருக்கை உள்ள பழைய சொகுசுக் கார்கள் இப்போது குறைந்த விலைக்குக் கைமாறுகின்றன. அவற்றில் வெடித்தது போலத் தெரிவது பெரும்பாலும் தோலின் மேல் பூசிய நிறப்பூச்சுதான். சுத்தம் செய்து, கீறலை நிரப்பி, மீண்டும் நிறம் ஏற்றலாம். தோல் வியாபாரத்துக்குப் பேர்போன பெரியமேடு கொருக்குப்பேட்டைக்குப் பக்கம்தான். விசாரிக்க வேண்டிய இடம் அது.

இனிச் சொல்லப்போவது பணத்தைப் பற்றியதல்ல, உயிரைப் பற்றியது. பல புதிய கார்களில் முன்னிருக்கையின் முதுகுப் பகுதியில், வெளி ஓரத்தில், ஏர்பேக் என்று எழுதிய சின்னப் பட்டை இருக்கும். விபத்தில் பக்கவாட்டு ஏர்பேக் அந்த ஓரத்துத் தையலைப் பிளந்துகொண்டுதான் வெளியே வரும். இருக்கையோடு வந்த தையல் அதற்கென்றே பலம் குறைத்துப் போடப்பட்டது. அதன் மேல் முழு கவர் மாட்டினாலோ, தடித்த நைலான் நூலால் இறுக்கித் தைத்தாலோ, கண்ணிமைக்கும் நேரத்தில் விரிய வேண்டிய பை தடைபடும். கிழிசல் அதிகம் விழுவதும் அதே ஓரத்தில் என்பதால், இந்தப் பட்டை உள்ள இருக்கையின் முதுகு ஓரத்தைச் சாதாரணக் குஷன் கடையில் பிரிக்கக் கூடாது. காரின் அங்கீகரிக்கப்பட்ட பணிமனையில் அந்த உறையை மட்டும் கேட்டு மாற்ற வேண்டும். உட்காரும் பகுதியை வழக்கம்போல் வெளியே செய்துகொள்ளலாம்.

தீயும் கவனிக்க வேண்டியதே. காருக்குள் பயன்படும் துணியில் தீ நிமிடத்துக்கு சுமார் 102 மில்லிமீட்டருக்கு மேல் வேகமாகப் பரவக் கூடாது என்ற விதி அமெரிக்காவில் 1972 முதல் நடப்பில் இருக்கிறது. இந்தியாவிலும் இதற்கென ஐஎஸ் 15061 என்ற தரம் உண்டு. சோபாவுக்கு வாங்கும் மலிவான ஃபோமும் துணியும் இந்தச் சோதனையைக் கடந்து வந்தவை அல்ல. வாகனத்துக்கான சரக்கு என்று கேட்டு வாங்கினால் கொஞ்சம்தான் கூடுதலாகும்.

வேலையை எப்போது கொடுப்பது என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஆயுத பூஜைக்கு முந்தைய வாரங்களில் கடைகளில் ஆட்டோவும் வேனும் வரிசை கட்டி நிற்கும். அவசரத் தையல்தான் கிடைக்கும். அதை விட்டால் வடகிழக்குப் பருவமழை. ஈரக் காற்றில் ரப்பர் பசை சரியாகப் பிடிப்பதில்லை, அலசிய ஃபோமும் உலர்வதில்லை. தை, மாசியில் கடைக்காரருக்கும் நேரம் இருக்கும், பசையும் நன்றாகக் காயும். கழற்றிய பழைய துண்டுகளையும் மிச்சமான ரெக்ஸினையும் கேட்டு வாங்கி டிக்கியில் போட்டுவைத்தால், அடுத்த கிழிசலுக்கு அளவும் சரக்கும் தயாராக இருக்கும்.