காரைக் கீறுவது நமது கைதான்!

உங்கள் வீட்டுக் காரை நன்றாகக் கழுவி, வெயிலில் நிறுத்திப் பாருங்கள். பொனட்டில் சூரிய ஒளி தெறிக்கும் இடத்தைச் சுற்றி, சிலந்தி வலை போல் மெல்லிய வளையங்கள் தெரிகின்றனவா? கறுப்பு, கடும் நீல நிறக் கார்களில் இவை பளிச்சென்று தெரியும். வெள்ளைக் காரில் இருந்தாலும் இலேசில் கண்ணில் படாது. “பெயின்ட் கெட்டுவிட்டது, புதிதாக அடிக்க வேண்டியதுதான்” என்று வீட்டில் பேச்சு எழலாம். அவசரப்பட வேண்டாம்.

இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட கார் இறக்குமதிக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடையில் இருந்த காரையே பேணிக் காக்கப் பழகிய குடும்பங்கள் பல. ஆகவே, இந்தக் கீறல்களைப் பற்றி நாமும் தெரிந்துகொள்வது நல்லது.

கீறல் எப்படி விழுகிறது?

காலையில் அவசரமாகப் புறப்படும்போது, காரில் படிந்த தூசியைக் காய்ந்த துணியால் துடைக்கிறோம் அல்லவா? அந்தத் தூசியில் நுண்ணிய மணலும் உண்டு. துணிக்கும் பெயின்டுக்கும் நடுவில் அது அகப்பட்டுத் தேய்க்கிறது. நிலத்தில் விழுந்த துணியை உதறிவிட்டு மீண்டும் எடுத்தாலும் இதே கதைதான்.

இக்காலக் கார்களில் பெரும்பாலும் நிறப் பூச்சின் மேல் நிறமற்ற ஒரு பூச்சு இருக்கும். அதன் தடிப்பு ஏறக்குறைய 40 முதல் 50 மைக்ரோன். அதாவது, ஒரு மில்லிமீற்றரின் இருபதில் ஒரு பங்குதான்! மெல்லிய கீறல்கள் இந்தப் பூச்சின் மேற்பரப்பிலேயே நிற்கின்றன.

பொலிஷ் வேறு, வெக்ஸ் வேறு

பித்தளைச் சட்டியைச் சாம்பலிட்டு மினுக்குவதை நினைத்துப் பாருங்கள். பொலிஷில் உள்ள மிக நுண்ணிய துகள்களும் அப்படித்தான் மேற்பரப்பைச் சற்றே தேய்த்துச் சமப்படுத்துகின்றன. வெக்ஸ் தேய்ப்பதில்லை, மேலே படிந்து பாதுகாப்பும் பளபளப்பும் தருகிறது.

முதலில் கீறலின் குறுக்கே நகத்தை மெதுவாக ஓட்டுங்கள். நகம் தடக்கினால் கீறல் ஆழமானது. கையால் பொலிஷ் போட்டுத் தீராது. தடக்காவிட்டால் இப்படிச் செய்யுங்கள்:

1. காரை நிழலில் நிறுத்தி, சூடு ஆறியபின் கார் ஷாம்பூவால் கழுவி நன்றாக உலர்த்துங்கள்.

2. கறுப்பு பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களை டேப் ஒட்டி மறையுங்கள். பொலிஷ் பட்டால் அவை வெளிறிவிடும்.

3. மென்மையான பொலிஷ் ஒன்றை ஸ்பொஞ்சில் நாலைந்து துளி எடுத்து, ஒரு மூலையில் சிறு இடத்தில் மட்டும் முதலில் போட்டுப் பாருங்கள்.

4. திருப்தியானால், ஒரு தடவைக்கு இரண்டு அடிச் சதுரம் வீதம், மேலும் கீழும், பின்னர் குறுக்காகவும் ஒரே அளவான அழுத்தத்துடன் தேயுங்கள். விளிம்புகளில் பூச்சு மெல்லியது. அங்கே அழுத்தக் கூடாது.

5. சுத்தமான மைக்ரோபைபர் துணியால் துடைத்து, டோர்ச் வெளிச்சத்தில் பாருங்கள். கடைசியில் வெக்ஸ் பூசுங்கள்.

கையால் செய்யும்போது எல்லாக் கீறலும் மறையாது. நன்றாக மங்கினாலே போதும். நிறமற்ற மேற்பூச்சுள்ள காரில், ஸ்பொஞ்சில் காரின் நிறம் ஒட்டினால் உடனே நிறுத்திவிடுங்கள். அந்த இடத்தில் மேற்பூச்சு தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். மேற்பூச்சே இல்லாத பழைய கார்களில் நிறம் ஒட்டுவது வழமைதான்.

ஒன்றை மறவாதீர்கள். ஒவ்வொரு முறை பொலிஷ் போடும்போதும் அந்த மெல்லிய பூச்சு இன்னும் சிறிது மெலிகிறது. போனது திரும்பி வராது. எனவே, மாதந்தோறும் பொலிஷ் போடுவதல்ல கெட்டித்தனம்; துடைக்கும் பழக்கத்தை மாற்றுவதுதான். தூசியைத் தண்ணீர் ஊற்றி முதலில் இறக்குங்கள். நுரைக்கு ஒரு வாளி, துணியை அலச இன்னொரு வாளி வையுங்கள். காருக்கென்று தனித் துணி ஒதுக்குங்கள். நாளைக் காலை அந்தக் காய்ந்த துணியை எடுக்கும் கையை, அன்போடு தடுத்துவிடுங்கள்!